ஷெட் தெருவில் ஒற்றை விசில்

மேலப்பேரி பஸ் ஷெட் தெருவில் நாங்கள் அதுவரைக்கும் உறக்கம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். தூக்கம் என்பது மதுரைக்கு வடக்கே இருப்பவர்களின் வார்த்தை, சினிமாவில் பேசுகிற வார்த்தை என்று நினைத்திருந்தோம். அந்த வைகாசியில் எங்கள் தெருவில் உறங்குகிறவர்கள் எல்லாரும் பாயை விட்டு மேலே எழும்பத் தொடங்கிய பிறகுதான், அந்த வார்த்தையை உண்டாக்கியவன் எதையோ கண்ணால் பார்த்துவிட்டுத்தான் உண்டாக்கியிருக்கிறான் என்று எங்களுக்குப் பிடிபட்டது.

முதலில் எழும்பியது பால்காரர் சொர்ணம் வீட்டுக் கைப்பிள்ளை. பெற்றவள் பிள்ளையின் முதுகுக்கடியில் கையை விட்டுத் துழாவினாள், வெறும் காற்றுதான் இருந்தது, ஈரத்துணியை மாற்ற இதுவும் வசதிதான் என்று மாற்றிவிட்டு அவளும் பக்கத்தில் படுத்தாள், படுத்த கொஞ்ச நேரத்தில் அவளும் ஒரு சாண் உயரத்துக்குப் போய்விட்டாள். அந்த வாரத்துக்குள் தெரு முழுக்க எழும்பிவிட்டது. ஏன் எழும்புகிறோம் என்று கேட்டவர்கள் குறைவு. நீங்கள் எவ்வளவு உயரம் என்று கேட்டவர்கள்தான் அதிகம். மின்விசிறி இறக்கையில் தலை இடிக்கும் என்று எல்லாரும் டேபிள் ஃபேன் வாங்கினோம், மொட்டைமாடியில் படுக்கிறவர்கள் கால் கட்டைவிரலில் நூல் கட்டிக்கொண்டார்கள், மனிதர்களுக்கு அடியில் விழுந்த நிழலில் பூனைகள் வந்து படுத்துக்கொண்டன. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த டாக்டரம்மா எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, களைப்பாக இருக்கிறதென்று பெஞ்சில் சற்றுச் சாய்ந்தார், பெஞ்சை விட்டு அவரும் எழும்பினார்.

படுக்கும்போது நாம் கூடவே எடுத்துக்கொண்டு போவதெல்லாம் எடையாகும் என்பதைத் தெரு சீக்கிரமே கண்டுகொண்டது. பொழுதுசாய்ந்து வெகுநேரம் கழித்து வயிறு முட்டத் தின்றவர்கள் வயிறு தாழ்ந்து, தலையும் காலும் உயர்ந்து, கோணலாகக் கிடந்தார்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்தவர்கள் எழும்பிய வேகத்திலேயே தொப்பென்று விழுந்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டுக்கொண்டு படுத்தால் இரண்டு பேருமே பாயோடு பாயாகக் கிடந்தார்கள், அடுத்த வீட்டுக்காரர்களுக்குச் சொல்லாமலே சங்கதி தெரிந்தது. இந்த அவமானத்துக்குப் பயந்துதான் எங்கள் தெருவுக்கு ஒரு சாயங்காலம் கிடைத்தது. நாலு மணிக்கு மேல் டீக்கடை சுக்குத்தண்ணி மட்டும் போட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கே சாப்பாடு முடிந்தது. டி.வி.யை மாமியார்களே எழுந்து அணைத்தார்கள். செல்போன்கள் அரிசி டிரம்முக்குள் போயின. வெந்நீரில் கால் கழுவி, உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்து, கூடத்தில் சின்ன பல்பு ஒன்றை மட்டும் எரியவிட்டு, பீடி சுற்றுகிற பெண்கள் இலையைத் தட்டில் வைத்து மூடிவிட்டு, சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டைகளையெல்லாம் காலைக்கு ஒத்திவைத்தோம். குழாயடியில் விடிந்தும் விடியாமலும் கேட்ட கூச்சல் முன்பை விடப் பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உயரம் வந்தால் பெருமையும் வரத்தானே செய்யும். பெண் பார்க்க வந்தவர்கள் பொண்ணு எம்புட்டு எழும்புவா என்று வாய்விட்டுக் கேட்டார்கள். ஒரு முழத்துக்கு மேலே போகிறவர்களுக்குக் கோயில் கொடைத் திருவிழாவில் முன்வரிசை கிடைத்தது. நான் ஒரு சாண். அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

இப்படித் தெருவே மிதந்துகொண்டிருந்த நாளில், பாயை விட்டு ஒரு நூலளவும் எழும்பாமல் கிடந்தவர் டிரைவர் சுயம்புலிங்கம் ஒருவர்தான்.

சுயம்புலிங்கம் ஓட்டியது உச்சிமாகாளி என்று பெயர் போட்ட வண்டி. மலைமேல் தேயிலை எஸ்டேட்டுக்குப் போகிற ஒரே பஸ் அது. இருட்டு பிரிவதற்கு முன்னால் ஷெட்டை விட்டுக் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறி, பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கொழுந்து பறிக்கிறவர்களையும் ஏற்றி இறக்கி, பொழுதுசாய்கையில் திரும்பும். அந்த வண்டியில் அவருக்குக் கண்டக்டராக இருந்தவர் எதிர்வீட்டு நம்பிராஜன். இரண்டு பேரும் ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வண்டியிலேயே தலை நரைத்தவர்கள். வண்டிக்குள் அவர்கள் பேசிக்கொண்டது ரொம்பக் கம்மி. பஸ்ஸுக்குத்தான் இரண்டே வார்த்தை போதுமே: ஒற்றை விசில் என்றால் நில், இரட்டை விசில் என்றால் போ. முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது, பின்னால் இருப்பவருக்கு முன்னால் வருவது தெரியாது, நடுவில் ஒரு விசில்.

சாயங்காலம் வண்டி ஷெட்டுக்கு வந்து, ஆட்கள் எல்லாரும் இறங்கின பிறகும் சுயம்புலிங்கம் இன்ஜினை நிறுத்த மாட்டார். நம்பிராஜன் கடைசி சீட்டிலிருந்து குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வருவார். குடை, தூக்குச்சட்டி, உறங்கிப்போன பிள்ளை, எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்படிக்கு வந்து நின்று, நீளமாக ஒற்றை விசில் கொடுப்பார். ஆளில்லாத வண்டிக்கு எதற்கு விசில் என்று ஷெட்டில் கேலி செய்வார்கள். அந்த விசிலைக் கேட்ட பிறகுதான் சுயம்புலிங்கம் சாவியைத் திருப்புவார், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், இறங்குவார்.

பங்குனியில் முதலாளி சண்முகவேல் டிரைவர் பக்கத்திலேயே டிக்கெட் மிஷினைக் கொண்டுவந்து பொருத்தினார். முன்வாசல் வழியாக ஏறட்டும், டிரைவரே கிழித்துக் கொடுக்கட்டும், கண்டக்டர் எதற்கு என்றார். நம்பிராஜனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டேதான் கேட்டார்.

"என்ன சுயம்பு, ஒத்தையாச் சமாளிக்க முடியுமா?"

சுயம்புலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு, "முடியும் மொதலாளி" என்றார்.

முடியும் என்றால் செய்ய இயலும் என்றும் அர்த்தம், தீர்ந்துபோகும் என்றும் அர்த்தம். அவர் ஒன்றைச் சொன்னார், மற்றது நடந்தது. அன்றைக்கே நம்பிராஜனுக்கு வேலை போனது, எதிரும் புதிருமான இரண்டு வீட்டுக் கதவுகளும் சாத்திக்கொண்டன. இரண்டு ஆண்களும் பேச்சை நிறுத்தினார்கள். பெண்கள் மட்டும் குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

தெரு எழும்பத் தொடங்கியபோது இது எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. சுயம்புலிங்கம் எழும்பவில்லை என்பதுதான் தெரிந்தது, தெரிந்தவுடன் பயம் வந்தது. உறங்காத மனுஷன் அந்த வளைவுகளில் ஒரு வண்டி நிறைய உயிரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாரே. காலையில் பஸ் ஏறப் போகிறவர்கள் முதலில் அவர் வீட்டு நடையில் எட்டிப் பார்த்து, அவர் மனைவி ஆவுடையம்மாளிடம், "தப்பா நெனைக்காதீங்க மதினி, அண்ணாச்சி இன்னைக்காவது எழும்புனாவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போனார்கள். சிலர் ஜீப் பிடித்தார்கள். முதலாளி காதுக்கும் போனது. ஆனி முடிகிறதுக்குள் எழும்பினால் சரி, இல்லையென்றால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

ஆவுடையம்மாள் மனம் தளரவில்லை. தெருவில் யார் எதைச் சொன்னாலும் செய்தாள். ஜாதிக்காய் உரைத்த பால் கொடுத்தாள். வேப்பம்பூத் தலையணை தைத்தாள். வெந்நீரில் அவர் காலை வைத்துத் தானே கழுவினாள், வேண்டாம் வேண்டாம் என்று அவர் காலை இழுத்துக்கொண்டாலும் விடவில்லை. சின்ன பல்பையும் அணைத்து, அகல் ஒன்றை ஏற்றி, அதுவும் குளிர்ந்த பிறகு இருட்டில் கூடவே உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சுயம்புலிங்கம் ஒழுங்காகச் செய்துகொண்டார், ஒழுங்காகப் படுத்தார், கண்ணை மூடினார். பாய் அவரை விடவில்லை. போர்வைக்குள் அவருடைய வலது கால் மட்டும் மெல்ல மெல்ல அழுந்தி, எழும்பி, அழுந்திக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டில் கதையே தலைகீழ். நம்பிராஜன் முதலில் ஒரு முழம் எழும்பினார், பிறகு இடுப்பு உயரம், பிறகு ஆள் உயரம், ஆனி மாதத்தில் பரண் வரைக்கும் போய்விட்டார். மேலப்பேரியிலேயே அவ்வளவு உயரம் யாரும் போனதில்லை. தெரு அவருக்கு மாலை போட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து, சாயங்காலம் என்ன செய்வீர்கள், என்ன சாப்பிடுவீர்கள், எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பீர்கள் என்று கேட்டார்கள்.

"நான் ஒண்ணுஞ் செய்யல" என்றார் நம்பிராஜன். "செய்யதுக்கு என்ன இருக்கு?"

இதுதான் வழி போல என்று நாங்கள் தலையாட்டிக்கொண்டோம். சிலர் ஒன்றும் செய்யாமல் இருக்கப் பழகினார்கள், அதற்காக அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்கவேண்டும். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

முகத்தைப் பார்த்தவள் ஒருத்திதான், அவர் மனைவி சங்கரவடிவு. பழைய வேட்டியைக் கிழித்துக் கயிறாக முறுக்கி, ஒரு நுனியை அவர் கணுக்காலிலும் மறு நுனியைக் கட்டில் காலிலும் அவள் கட்டுகிறாள் என்பது குழாயடியில் ஆவுடையம்மாளுக்கு மட்டும் தெரிந்தது.

"ஊரு மாலை போடுது அக்கா, நான் கயிறு கட்டுதேன்" என்றாள் சங்கரவடிவு. "அவுக நிம்மதியில எழும்பல. பிடிச்சு வைக்கதுக்கு ஒண்ணும் இல்லாமப் போறாவ. நேத்து கயிறு விறைச்சுப்போய் நிக்கி. ஓட்டைப் பிரிச்சுக்கிட்டுப் போயிட்டாவன்னா நான் யாருட்டப் போய்ச் சொல்லுவேன்?"

ஆவுடையம்மாள் குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க கயிறே வேண்டாம் வடிவு. கல்லுல அடிச்சு வச்ச மாதிரிக் கெடக்காவ. காலு மட்டும் மிதிச்சுக்கிட்டே கெடக்கு. வண்டி ஷெட்டுல நிக்கி, அவுக இன்னும் நிறுத்தல."

குடம் நிரம்பி வழிந்து, பின்னால் நின்றவர்கள் கூப்பாடு போடுகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

ஆனி முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மலையில் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஒரு வளைவு உண்டு, அங்கே இறங்குகிற பிள்ளைகளுக்காக நம்பிராஜன் எப்போதும் முன்கூட்டியே விசில் கொடுப்பார். அன்றைக்கு விசில் கொடுக்க ஆளில்லை. சுயம்புலிங்கத்தின் கண் ஒரு கணம் செருகியது. நிறுத்தம் தாண்டி, வளைவு தாண்டி, முன்சக்கரம் பள்ளத்தின் ஓரக்கல்லில் ஏறி வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஸ்டாப் தாண்டிப் போச்சே என்று ஒரு பிள்ளை சொன்னது, அவ்வளவுதான். பிள்ளைகள் இறங்கிப் புத்தகப்பையை ஆட்டிக்கொண்டு மேலே நடந்து போவதை அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவராக வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறவரைக்கும் வண்டியில் இருந்தவர்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பொழுதுசாய்கையில் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு நேராக முதலாளி முன்னால் போய் நின்றார்.

"அன்னைக்கு முடியும்னு சொன்னேன் மொதலாளி. அது பொய். என்னால முடியல. நம்பி இல்லாம நான் இனிமே வண்டிய எடுக்க மாட்டேன்."

"நீ எழும்பாததுக்கு நம்பி என்னடே பண்ணுவான்? சாவிய வச்சிட்டுப் போ."

சாவியை வைத்தார். எங்கள் தெருவில் செய்தி மனுஷனை விட வேகமாக நடக்கும். அவர் தெரு முக்குத் திரும்புவதற்குள் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள், நம்பிராஜன் வீட்டு வாசலைத் தவிர.

ஆவுடையம்மாள் வெந்நீர் வைத்தாள், கால் கழுவினாள், எண்ணெய் தேய்த்தாள், கஞ்சியும் துவையலும் கொடுத்தாள், சின்ன பல்பைப் போட்டாள். சாவி கையில் இல்லாத மனுஷன் பாயில் படுத்தார். வலது கால் மிதிக்கத் தொடங்கியது. வேலையும் போய், வண்டியும் போய், அப்போதும் அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். பங்குனிக்குப் பிறகு அந்தக் கதவை அவர்கள் வீட்டில் யாரும் தட்டியதில்லை.

நம்பிராஜன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சங்கரவடிவு அவர் கணுக்காலில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அந்த விசிலக் கொஞ்சம் தாங்க" என்றாள் ஆவுடையம்மாள். "ஒரு வாட்டி ஊதிட்டுக் கொண்டாந்துருதேன்."

நம்பிராஜன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். வேலை போன பிறகும் விசில் அங்கேதான் இருந்தது.

"தர மாட்டேன் மதினி."

"உங்க கோவம் நியாயந்தான் தம்பி. அவுக பேசாம நின்னது தப்புதான். இன்னைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துட்டாவ, சாவியையும் குடுத்துட்டாவ..."

"கேள்விப்பட்டேன்" என்றார். பிறகு, "கோவம் இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காகச் சொல்லல. விசில யாரு வேணும்னாலும் ஊதலாம் மதினி. பின்னால எல்லாம் பாத்தாச்சான்னு தெரியாம ஊதக் கூடாது" என்றார்.

குனிந்து கணுக்கால் கயிற்றை அவரே அவிழ்த்தார். சங்கரவடிவு தடுக்கப் போய், ஏனோ கையை எடுத்துக்கொண்டாள். சட்டையை மாட்டினார், தெருவைக் கடந்தார். தெருவே பார்த்துக்கொண்டு நின்றதை அவர் கவனிக்கவில்லை. டிரைவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே கூடத்துக்குப் போகவில்லை, பின்கட்டுக்குப் போனார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். கிணற்றடியில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகினார். அடுப்படியில் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். பீரோவுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், கொடியில் தொங்கிய துணிகளுக்கு நடுவில், குனிந்து குனிந்து, அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் நடந்து வர வர வீடு அறை அறையாக அடங்கியது என்று ஆவுடையம்மாள் பிறகு சொன்னாள்.

காலடிச் சத்தம் பின்னாலிருந்து வருவதைக் கேட்டுப் பாயில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

"நம்பி" என்றார். "அன்னைக்கு நான் ஒரு வார்த்தை..."

"பின்னால எல்லாம் பாத்துட்டேன் அண்ணாச்சி. யாரும் இல்ல. எதுவும் விட்டுப்போகல." நம்பிராஜன் பையிலிருந்து விசிலை எடுத்தார். "ஷெட்டு வந்தாச்சு. நிறுத்துங்க."

நீளமாக ஒரு விசில் கொடுத்தார்.

சுயம்புலிங்கத்தின் வலது கால் ஒருமுறை அழுந்தி, அப்படியே நின்றது. வலது கை காற்றில் எதையோ திருப்பியது. இரண்டு உள்ளங்கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார், ஒற்றிய கை நனைந்து வந்தது. ஆவுடையம்மாள் போர்வையை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், பாய்க்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் தெரிந்தது, பிறகு ஒரு சாண் தெரிந்தது. அவள் அதற்குள் கையை விட்டுத் துழாவினாள். வெறும் காற்றுதான் இருந்தது.

வெளியே வாசல்களில் நின்ற நாங்களும் அந்த விசிலைக் கேட்டோம். அவரவர் வீட்டுக்குள் போனோம். அன்றைக்கு நான் எவ்வளவு உயரம் போனேன் என்று காலையில் என் வீட்டில் கேட்க மறந்துபோனேன். தெருவில் யாருமே கேட்கவில்லை.

முதலாளி இறங்கி வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார், உடனே இல்லை. வெளியூர் டிரைவரை வைத்து ஓட்டிப் பார்த்தார். மேலப்பேரியில் ஒருவரும் ஏறவில்லை. ஆடி பாதியில் டிக்கெட் மிஷினைக் கழற்றினார், கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத்தான் இரண்டு பேரையும் மறுபடி வண்டியில் ஏற்றினார். இப்போது வளைவுக்கு முன்னால் விசில் கேட்கிறது. சாயங்காலம் ஷெட்டில் ஒன்று, பிறகு கால் கழுவிக் கஞ்சி குடித்த பிறகு தெருவில் ஒன்று. தெரு விசிலுக்கு முன்னால் நம்பிராஜன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று எல்லாம் பார்த்தாச்சா என்று கேட்கிறார், நாங்களும் எங்கள் வீட்டின் பின்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறோம்.

டிரைவர் வீட்டில் முதல்முதலாக விசில் கொடுத்த அன்றைக்கு அவர் வீடு திரும்பியபோது சங்கரவடிவு பழக்கத்தில் மறுபடியும் கணுக்காலில் கயிறு கட்டினாள். அவர் எழும்பினார். கயிறு விறைக்கும், விறைக்கும் என்று அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சாண் உயரத்தில் அவர் நின்றுவிட்டார். நாளைச் சாயங்காலமும் எதிர்வீட்டைப் பார்த்துவிட்டு விசில் கொடுக்க வேண்டியவர், அதற்கு மேல் எங்கே போவார்? கயிறு தரையில் தொய்ந்து கிடந்தது.

அவள் அதை அவிழ்த்து, துவைத்து, கொல்லையில் முருங்கைக்கும் சுவருக்குமாக இழுத்துக் கட்டினாள். இப்போது அதில் நம்பிராஜனின் காக்கிச் சட்டை காய்கிறது.